இருபத்தைந்து நிமிடக் கடல்

காலை ஆறு பத்துக்கு ஹெஸ்ட்விக் துறையில்
என் பால் லாரி கப்பலின் வயிற்றுக்குள் நுழையும்.
பதினாறாயிரம் லிட்டர் பால், ஒரு நான்,
பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்
முக்கால் அளவு கிட்டார்.
முழு அளவென்றால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது.

அக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம்.
நார்வே முழுவதிலும்
யாரும் என்னிடம் பங்கு கேட்காத நேரம்
அவ்வளவுதான்.

பங்காளிச் சண்டையில் கயிறு பிடித்து
நிலம் அளப்பவளைப்போல அளந்தேன்.
சுருதி சேர்க்க மூன்று.
ஒன்றிலிருந்து நான்காம் கட்டைவரை
விரல்கள் நடந்து பழக ஐந்து.
சி-யிலிருந்து ஜி-க்குத் தாவ ஏழு.
எஃப் கார்டுக்குப் பத்து.
கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.
பண்ணைச் சீட்டின் பின்பக்கம் எழுதி
டாஷ்போர்டில் ஒட்டினேன்.

கணக்கு சரி. விரல்தான் சரியில்லை.

கப்பல் எஞ்சின் ஓயாமல் ஒரே சுரத்தில் முனகும்.
ஏறக்குறைய ஜி. கொஞ்சம் கீழே.
என் மூன்றாம் தந்தி அதனோடு ஒத்துப்போக ஆசைப்பட்டு
தானாய் இறங்குவதுபோல் இருக்கும்.
நடுக்கடலில் இருப்பவள் கப்பலைத்தானே நம்பவேண்டும்,
நம்பினேன்.
அக்கரையில் எஞ்சின் அடங்கியதும்
ஆறு தந்தியும் பொய் சொன்னது தெரிந்தது.

எஃப்.
ஆள்காட்டி விரல் ஒன்றே
ஆறு தந்தியையும் படுக்கவைக்க வேண்டுமாம்.
இருபது வருடம் பால் குழாய் திருகிய கை இது,
பிறக்க மறுத்த கன்றை இழுத்துப் போட்ட கை.
முதல் வாரம் 'டப்' என்றது, கதவில் விரல் சிக்கியதுபோல.
பிறகு நான்கு தந்தி பேசின, இரண்டு ஊமை.
பிறகு ஐந்து பேசின.
பிறகு, ஏனென்று தெரியவில்லை,
மறுபடி இரண்டு.

பிப்ரவரியில் புயல். கப்பல் கிளம்பவில்லை.
துறையிலேயே மூன்று மணி நேரம்.
பசித்தவள் பந்தியில் உட்கார்ந்தமாதிரி
மூன்று மணியும் எஃப்.
மறுநாள் விரல்நுனிகள் வெந்த உருளைக்கிழங்கு.
நான்கு நாள் கிட்டார் சும்மா கூட வந்தது,
டிக்கெட் எடுக்காத சொந்தக்காரனைப்போல.
ஒரு வாரத் தீவனத்தை ஒரே வேளையில் தின்றால்
என்ன ஆகுமென்று
என் பாலுக்குச் சொந்தக்காரிகளுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் கப்பல்தளப் பையன் ஐவிந்த்
கண்ணாடியைத் தட்டினான்.
ஆரஞ்சு ஜாக்கெட், ஒழுகும் மூக்கு.
"ராங்ன்ஃப்ரிட், தப்பாக நினைக்காதே.
ஆறு வாரமாய் இந்தப் பக்கம் சங்கிலி மாட்ட வரும்போதெல்லாம்
கேட்கிறேன்.
பாட்டு எப்போது தொடங்கும்?"

சீட்டைப் பார்த்தேன்.
மூன்று, ஐந்து, ஏழு, பத்து.
கத்தி தீட்டி, பாத்திரம் துலக்கி, அடுப்பும் மூட்டிவிட்டு
அரிசி போட மறந்திருக்கிறேன்.

எஃப்-இடமிருந்து ஐந்தைப் பிடுங்கினேன்.
எப்படியும் அது எனக்குப் பணியவில்லை, என்ன நஷ்டம்.
அக்கரை விளக்கு தெரியத் தொடங்கியதும்
ஒரு பாட்டு,
எவ்வளவு கேவலமாய் இருந்தாலும் நிறுத்தாமல்.
எஃப் வருமிடத்தில் கிடைத்த இரண்டு தந்தியைத் தட்டிவிட்டு
அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன்,
பனியில் வழுக்கியவள் சட்டென்று எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் நடப்பாளே, அப்படி.

ஐவிந்த் சங்கிலியைக் கழற்றியபடி தலையாட்டுவான்.
தாளம் தப்பும். தப்பியது
அவன் தலையா, என் கையா, அலையா,
இறங்கும் அவசரத்தில் யார் விசாரிப்பது.

பாலம் வரப்போகிறது.
வேண்டுமென்று நானும் கையெழுத்துப் போட்டவள்தான்.
வந்துவிட்டால் அக்கரைக்கு நான்கே நிமிடம்,
அதிலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
நேற்றிரவு புதிய சீட்டு எழுத உட்கார்ந்தேன்.
ஆலையில் என் தொட்டி காலியாகப் பத்தொன்பது நிமிடம் ஆகும்.
அங்கே பம்பு எந்தச் சுரத்தில் முனகுகிறதென்று
நாளை காது கொடுத்துப் பார்க்கவேண்டும்.
மற்றதெல்லாம் இன்னும் வெற்றிடம்.
முதல் வரி மட்டும் எழுதியாயிற்று:
பாட்டு, ஐந்து.